வண்டி என் பேரில், ஓட்டுவது மாப்பிள்ளை

படூர்,
வியாழன் காலை

கோவளம் மளிகைக்கடை அமீர் சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு, காலேஜ் பஸ் டிரைவர் ஹுசைன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்புக்கும் வியாபாரத்துக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்காமலிருக்க துஆ செய்கிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரி சுராயாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நாலு நாளாய் எனக்குச் சோறு இறங்கவில்லை, பொய் எழுதக் கை வரவில்லை.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு நம் மாப்பிள்ளை ஷபீருக்கு நான் கொடுத்த பைக் இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. பேர் மாற்ற ஆர்டிஓ ஆபீஸுக்கு வாங்க என்று மூன்று தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை தலைவலி, ஒரு தடவை லீவு இல்லை, ஒரு தடவை மழையாம், அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கொடுத்த வண்டிக்குக் கையெழுத்துக் கேட்டு மாப்பிள்ளையை நெருக்கினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன். அதனால் அவர் ரோட்டில் செய்கிற தப்புக்கெல்லாம் சலான் என் போனுக்கு வருகிறது, போட்டோவோடு.

கேளம்பாக்கம் சிக்னலில் கோட்டைத் தாண்டியது ஒன்று. மாமல்லபுரம் போகும் வழியில் வேகம், அது ரெண்டு. செங்கல்பட்டில் பின்னால் உட்கார்ந்தவனுக்கு ஹெல்மெட் இல்லை, மூணு. எல்லா போட்டோவிலும் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு பெரிய முதுகு, ஓட்டுகிற மாப்பிள்ளையை முழுசாய் மறைத்துக்கொண்டு. ஹெல்மெட் உச்சி மட்டும்தான் தெரிகிறது. ஒன்றில் அந்தத் தடியன் மக்காச்சோளம் வேறு தின்கிறான். யார் சம்பந்தி அவன்? அவன் சகவாசம்தான் நம் பிள்ளையைக் கெடுக்கிறது.

டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் கருப்பனிடம் காட்டினேன். "இன்னா பாய், பேப்பரே பாக்கறதில்லையா? வருசத்துல அஞ்சு தப்புன்னா லைசென்ஸுக்கே வேட்டு வெக்கிற மாதிரி ரூல் வந்துகினு கீது. வண்டி யார் பேர்ல கீதோ அவனைத்தான் மொதல்ல புடிப்பான்" என்றான். நான் ஓட்டவில்லையே கருப்பா என்றேன். "அத்த கேமராகிட்ட போய்ச் சொல்லு" என்கிறான். எங்கள் காலேஜ் மேனேஜரோ ஒன்றாம் தேதி முதல் எல்லா டிரைவர் பேரையும் போட்டுப் பார்ப்பாராம், ஐந்து இருந்தால் பஸ் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானாம். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை, சம்பந்தி.

போன ஞாயிறு நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று ஊரப்பாக்கத்தில் மாப்பிள்ளையும் என் மகள் அஃப்ஷீனும் இருக்கும் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பி, "இன்னும் ரெண்டு பீஸ் வெச்சுக்கோங்க மாமா" என்கிறார். நான் மூணு தடவை வாயைத் திறந்தேன், மூணு தடவையும் கறியைத்தான் போட்டேன். திரும்பி பஸ் ஏறும்போது டிங் என்று நாலாவது சலான். அன்று காலை ராங் சைடில் வந்ததாம். தடியன் கையில் கறிப் பை! நான் தின்ற கறிக்கே எனக்கு சலான்!

அன்றிலிருந்து போன் டிங் என்றால் காலு தானா பிரேக்கை மிதிக்குது. பஸ்ஸுல பொண்ணுங்க "அண்ணா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேக்குதுங்க. பயமா இருக்கு சம்பந்தி. இன்னும் ஒண்ணே ஒண்ணு, அவ்ளோதான். இந்த வயசுல எனக்கு வேற இன்னா வேலை தெரியும்?

மாமனார் வாயால் மாப்பிள்ளையைக் கண்டிப்பது முறையில்லை. பெற்ற தகப்பன் நீங்கள் கண்டிக்கலாம். இத்துடன் உள்ள பேர் மாற்றும் படிவத்தில் அவர் கையெழுத்தை வாங்கி, அதுவரை வண்டிச் சாவியையும் வாங்கி வையுங்கள். அஃப்ஷீனுக்கு இதனால் ஒரு மனக்கசப்பும் வரக்கூடாது. உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாமும் குழந்தைகளுக்கு என் முத்தமும்.

இப்படிக்கு,
ஹுசைன்

பி.கு.: கவரை ஒட்டும்போது வாசலில் வண்டிச் சத்தம். முன்னால் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றியது என் மகள் அஃப்ஷீன். பின்னாலிருந்து இறங்கிய முதுகு, நம் மாப்பிள்ளை. "எனக்கு ஓட்டவே வராது மாமா. ஆர்டிஓ ஆபீஸ்ல லைசென்ஸ் கேப்பாங்கன்னுதான் வரல" என்று தலையைக் குனிகிறார். இது உங்களுக்கும் தெரியுமாமே, சம்பந்தி! தடியன் என்று எழுதியதை மன்னிக்கவும். ஏண்டி இப்படி ஓட்டறே என்று மகளைக் கேட்டால், "மஞ்ச லைட்டு எரிஞ்சா முறுக்கிடணும்னு நீங்கதான அத்தா சொல்லிக் குடுத்தீங்க?" என்கிறாள். நான் கத்தின கத்தலில் பத்து மணி டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. "ஏறுங்க அத்தா, ஷெட்ல வுட்டுர்றேன்" என்றாள். அவசரத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் நானும் ஏறிவிட்டேன்.

மீதியை ஷெட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இறங்கினேன். டிங். ஐந்தாவது சலான்: ஒரு வண்டியில் மூன்று பேர், கடைசியில் என் காக்கிச் சட்டை. அஃப்ஷீன் அழுகிறாள். மாப்பிள்ளைதான் தைரியம் சொல்கிறார்: "கவலப்படாதீங்க மாமா. இனிமே வூட்ல சும்மாத்தான இருப்பீங்க, எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க."