கை குலுக்கிய கதையும் உன் சாம்பல் குதிரையும்

அன்புள்ள எர்மெக்குக்கு,

சித்தப்பா சகிந்திக் ஆயிரம் ஆசிகளோடு எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் சித்தி, ஆடுகள் எல்லோரும் சுகம். உன் குதிரையைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி.

கண்டுபிடித்துவிட்டேனடா! உன் பிஷ்கெக் ஆபீஸில் மேனேஜர் எதற்கெடுத்தாலும் "கை குலுக்கியாச்சு, இனிப் பேச்சில்ல" என்கிறாராம், அது எங்கிருந்து வந்தது என்று கூட்டத்தில் உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறாராம். முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவனுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? கையில் கத்தி இல்லை என்று காட்டத்தான் குலுக்கினார்கள் என்கிறது புத்தகம். எனக்குத் திருப்தியில்லை. ஞாயிறு விடிந்ததும் உன் சாம்பல் குதிரையில் ஏறிக் கால்நடைச் சந்தைக்கே போய்விட்டேன். தரகர் ஜூமாபாயைக் கேட்டேன். "அட வாத்தியாரே, பேரம் படியறதுக்குள்ள ஒருத்தன் நழுவிடுவான். அதான் ரெண்டு பேர் கையையும் சேத்துப் பிடிச்சு ஆட்டறோம். 'ம்'னுட்டா முடிஞ்சுது, அப்பன் வந்தாலும் மாத்த முடியாது" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது! "எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு தாடிக்காரரின் கையை இழுத்து என் கையில் திணித்து, தோள் கழன்றுவிடும்படி ஆட்டினார். ஜூமாபாய் ஒரு விலை கத்த, தாடிக்காரர் ஒரு விலை கத்த, சந்தையே சூழ்ந்து நின்று "சொல்லுங்க வாத்தியாரே, சொல்லுங்க!" என்று கூவ, உற்சாகம் தலைக்கேறி நானும் "ம்!" என்றுவிட்டேன். கையை விட்டதும் பார்த்தால் தாடிக்காரர் உன் குதிரையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். "ஐயோ, நான் வெறும் அர்த்தம் கேக்க வந்தவன்!" என்று அலறினேன். "இதான் அர்த்தம்" என்றார் ஜூமாபாய்.

குட்டியிலிருந்து நீ வளர்த்தது, ஆகஸ்டுப் பந்தயத்துக்கு நீ வரப்போவது எல்லாம் எனக்குத் தெரியாதா? வழியெல்லாம் அழுதுகொண்டே நடந்து வந்தேன். "அந்தப் புள்ள மொகத்துல எப்படி முழிப்பீங்க?" என்று உன் சித்தி டீகூடத் தரவில்லை. இனிமேல் கல்யாணமோ சாவோ, எவனுக்கும் கை கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டேன். உன் பேச்சு அமோகமாக அமையட்டும், நீ நீடூழி வாழ்க.

உன் சித்தப்பா,
சகிந்திக்

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், வாசலில் தாடிக்காரர், உன் சாம்பல் குதிரையோடு! அது அவர் மாமனாரைக் கடித்துவிட்டதாம். "முடிஞ்ச பேரத்தத் திருப்பறது வழக்கமில்ல, பதிலுக்கு வேற ஏதாச்சும் குடுங்க" என்றார். கூடவே வந்த ஜூமாபாய் எங்கள் கைகளைப் பிடித்துவிட்டார். சந்தோஷத்தில் நான் உடனே "ம்!" என்றேன். ஆகஸ்டில் நீ வந்ததும் எங்கே போனாலும் குதிரையிலேயே போய்க்கொள். கொட்டகையில் நீ விட்டுப்போன மோட்டார் சைக்கிள் இப்போது இல்லை.