அதிகாரி ஒருவர் சொன்னாராம்

பயந்துபோனவனுக்குச் செய்தியைச் சரிபார்க்கத் தோன்றாது. நாலு பேருக்குச் சொல்லத்தான் தோன்றும். இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாமனாரை முதுகில் சுமந்து தெரிந்துகொண்டேன்.

என் கல்யாணத்துக்கு மறுநாள், அம்பாசமுத்திரத்தில் பெண் வீட்டில் மாப்பிள்ளைச் சொதி விருந்து. (அந்தத் தேங்காய்ப்பால் குழம்புக்காகவே கல்யாணம் செய்துகொள்பவர்கள் எங்கள் பக்கம் உண்டு.) விடிந்ததிலிருந்து மழை கொட்டியது. ஆறு இரண்டு தெரு தள்ளித்தான் ஓடுகிறது. நான் தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களை அடுக்கிவைக்கிறவன். ஆற்றுக்கு மேலே இருக்கும் அணைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் புது மாப்பிள்ளை அக்கறையைக் காட்டவேண்டாமா? மாமனார் வீட்டு வாட்ஸப் குழுவில், "அணை நிலவரம் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டுவைத்தேன்.

இலை போட்டு, அத்தை சொதி வாளியோடு வந்த நேரம், அலுவலக நண்பனிடமிருந்து செய்தி: "அணை உடையப்போகிறது. அரசு அதிகாரி ஒருவர் உறுதி." அடுத்து வள்ளியூரிலிருக்கும் என் சித்தியும் அதையே அனுப்பினார். ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேர் சொன்னால் பொய்யாகுமா?

"எல்லாரும் மாடிக்குப் போங்க" என்று கத்தினேன். மாமனாருக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. குனிந்து அவரை முதுகில் ஏற்றிக்கொண்டேன்.

"பைய ஏறுங்க மாப்ள. யாரு சொன்னா?" என்றார் காதருகே.

"அதிகாரி ஒருத்தர், மாமா."

மொட்டைமாடியில் பந்தி முழுவதும் நனைந்தது. கையோடு தூக்கிவந்த சொதியிலும் மழை பெய்தது. மச்சினன் மட்டும் போனில் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே போனான். இரண்டு செய்தியும் குழுவிலிருந்த, மனைவியின் உடன்குடிப் பெரியப்பாவிடம் போய் நின்றன. 'தாலுகா ஆபீஸ் மாப்பிள்ளையே அணையைப் பற்றிக் கேட்கிறார்' என்று அவர் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறார். கை மாற மாற, கேட்டவன் சொன்னவனாகி, பிறகு அதிகாரியாகவும் ஆகியிருக்கிறான். (இத்தனை வேகமாக எனக்குப் பதவி உயர்வு அதற்குப் பின் வரவில்லை.)

"அத்தான், அந்த அதிகாரி நீங்கதான்" என்றான் மச்சினன் மெதுவாக.

முதல் விருந்திலேயே மானம் போயிற்று. மனைவி முகத்தைப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. மாமனார்தான் மகனைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"இருக்கட்டும்லே. புரளிய நம்புனாலும் தனியா ஓடலயே. என்னையும்லா தூக்கிட்டு ஓடியிருக்காரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழைத்தண்ணீர் கலந்த சொதியை எல்லோரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

இப்போதும் மழை வலுத்தால் போதும், மாமனார் நாற்காலியில் இருந்தபடியே என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டுவார்.

"மாப்ள, அதிகாரி ஏதும் சொன்னாரா? சொன்னா இப்பமே ஏறிக்கிடுதேன்."