வருங்கால அத்தானை மார்க் பண்ணிய கதை

கால்பந்தில் டிஃபெண்டராக இருப்பது வீட்டில் கேஸ் சிலிண்டராக இருப்பது மாதிரி. ஒழுங்காக வேலை செய்கிறவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நின்றுபோனால் குடும்பமே வந்து தட்டிப் பார்க்கும். நான் ஒரு காலத்தில் தொழில்முறை டிஃபெண்டராக இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். சம்பளம் வாங்கினேன், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன், முதுகில் நம்பரோடு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அந்தத் தொழில் சரியாக ஒரு வருஷம் நடந்தது. அது எப்படி முடிந்தது என்பதை எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாராலும் சிரிக்காமல் சொல்ல முடியாது.

சென்னையில் இரண்டாம் டிவிஷனில் ஆடிய ஒரு கிளப் என்னை எடுத்திருந்தது. என் இடம் ஸ்டாப்பர். கோல் கீப்பருக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்கும் இடம். அந்த ஒரு சீஸனில் நான் களத்தில் இருந்தது பன்னிரண்டு நிமிஷம். பந்தைத் தொட்டது இரண்டு முறை. (அதில் ஒரு முறை, கோட்டுக்கு வெளியே உருண்டு போனதை எடுத்துக் கொடுத்தேன். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) பசுமலையில் எங்கள் தெருவுக்கு மட்டும் நான் இந்திய அணிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட ஆள். நானும் அதை மறுத்ததில்லை.

சீஸன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தபோது கிளப்பின் துணைப் பயிற்சியாளர் போன் செய்தார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மதுரை வருகிறாராம். சனிக்கிழமை சாயங்காலம் பசுமலையில் நடக்கிற உள்ளூர் டோர்னமென்ட்டில் என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷ ஒப்பந்தத்தை அங்கேயே முடிவு செய்துவிடலாம் என்றார். எதிரணியின் முக்கியமான ஃபார்வர்டை நான் எப்படி மார்க் பண்ணுகிறேன், அதாவது நிழல் மாதிரி கூடவே நின்று எப்படித் தடுக்கிறேன் என்பதை மட்டும்தான் பார்ப்பேன் என்றும் சொன்னார். சனிக்கிழமை செமி ஃபைனல். எனக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. உள்ளூர் ஃபார்வர்டு எவனும் என்னைத் தாண்டிப் போனதில்லை.

வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் எதிரணியின் பெயர்ப்பட்டியல் வந்தது. ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலக அணி. சென்டர் ஃபார்வர்டு பெயர் பிரேம்குமார், விளாங்குடி.

பிரேம்குமார் என் அக்கா எஸ்தருக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று ஐயர், அதாவது சபைப் போதகர், எல்லோர் முன்னாலும் அறிவிப்பார். முதல் ஓலை வாசிக்கும்வரை சம்பந்தத்தைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதற்குக் காரணம் இருந்தது. அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கைகூடுகிற நேரத்தில் தவறியிருந்தது. முதலாவது தவறியதற்கு, அவர்கள் வந்தபோது நான் லுங்கியோடு போய்க் கதவைத் திறந்ததுதான் காரணம் என்று அம்மா இன்றுவரை நம்புகிறார். பிரேமின் முதல் ஓலை அந்த ஞாயிற்றுக்கிழமை. மேட்ச் அதற்கு முந்தின நாள்.

அம்மா பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“சாமு, அவரு கால்ல ஒரு சிராய்ப்புகூடப் படக்கூடாது.”

அவரைத் தடுப்பதுதான் என் வேலை என்று விளக்கினேன். பயிற்சியாளர் வருவதைச் சொன்னேன். என் எதிர்காலம் என்கிற சொல்லை மூன்று இடத்தில் பயன்படுத்தினேன். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆட வேணாம்னு சொல்லலப்பா. மெதுவா ஆடு,” என்றார். அப்பா வழக்கம்போல அம்மா சொன்னதையே கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார். வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தேன். ஒருவரைத் தொடாமலேயே தடுக்கலாம், அதற்குப் பெயர்தான் டெக்னிக் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மைதானத்தின் ஓரத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அம்மா, அக்கா, குடையோடு பிரேமின் அம்மா. நாலாவது நாற்காலி டீ ஃபிளாஸ்க்குக்கு. வெளியே சொல்லக்கூடாத சம்பந்தம் என்பதால், தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மாதிரி இரண்டு அம்மாக்களும் முறுக்கைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பத்தாவது நிமிஷத்தில் பிரேம் பந்தோடு என்னை நோக்கி வந்தார். நல்ல ஆள், நல்ல உயரம், பெரிய வேகமெல்லாம் இல்லை. தூங்கிக்கொண்டே பறித்துவிடலாம். காலை நீட்டப் போனேன். அந்தக் காலில் புது பூட்ஸ், அடியில் ஆறு கட்டை. எதிரே வருவது இன்னும் மூன்று வாரத்தில் ஆலயத்தில் நிற்க வேண்டிய கால். என் கால் நீளவில்லை. பஸ்ஸில் பெரியவர்களுக்கு வழி விடுவது மாதிரி ஒதுங்கி நின்றேன். கையைக்கூடக் கொஞ்சம் அந்தப் பக்கம் காட்டியதாகப் பிறகு சொன்னார்கள். கோல்.

இரண்டாவது இதைவிட மோசம். பந்து என் காலில் இருந்தது. ஓங்கி அடித்துத் தள்ளியிருந்தால் போதும். ஆனால் பிரேம் ரொம்பப் பக்கத்தில் இருந்தார். பந்து முகத்தில் பட்டால் கல்யாண போட்டோவில் மூக்கு எப்படி விழும் என்று ஒரு கணம் யோசித்துவிட்டேன். யோசித்தபடியே பந்தைக் கீப்பருக்கு மெல்லத் தட்டினேன். அது பாதி வழியில் நின்றது. பிரேம் ஓடி வந்து, நன்றி சொல்வதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, உள்ளே தள்ளினார். ஓரத்தில் ஒருவர் கை தட்டினார். அது என் அம்மா.

எங்கள் கீப்பர் முத்து பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து, “அண்ணே, அவரைப் பிடிக்கிறீகளா, இல்ல நான் போயி டீ குடிச்சிட்டு வாரவா?” என்று கேட்டான். ரகசியம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ரகசியம். மரத்தடியில் பயிற்சியாளர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

ஹாஃப் டைமில் எனக்குத் தண்ணீர் கொடுக்க வருகிற சாக்கில் எஸ்தர் அக்கா வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தப்பான விடையைப் பார்க்கிற பார்வையை வீட்டுக்கும் எடுத்து வருவாள்.

“என்னடா பண்ணிட்டிருக்க?”

அம்மா சொன்னதைச் சொன்னேன்.

“அவரைக் கட்டிக்கப் போறது நானா, அம்மாவா? இப்படி ஒதுங்கி ஒதுங்கி அவரை ஜெயிக்க வச்சு அனுப்புனேன்னா, காலம்பூரா அந்த வேலையை நான்ல பாக்கணும். தோத்தா அந்த ஆளு எப்படி இருக்காருன்னு எனக்குப் பாக்கணும். ஒழுங்கா ஆடு.”

சொல்லிவிட்டுப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

இரண்டாவது பாதியில் நான் ஆடியது பற்றி அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிரேம் நாலு முறை வந்தார், நாலு முறையும் பந்தில்லாமல் திரும்பிப் போனார். எங்கள் பையன்கள் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். பயிற்சியாளர் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு நாலடி முன்னால் வந்து நின்றார். ஓரத்தில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. முறுக்குப் பரிமாற்றம் நின்றுபோயிருந்தது. பிரேமின் அம்மா குடையை மடக்கி மடியில் வைத்திருந்தார். என் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்த லுங்கி தெரிந்தது.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். பிரேமுக்கு நீளமாக ஒரு பாஸ் கிடைத்தது. பெனால்டி பெட்டிக்குள் வந்துவிட்டார். நான்தான் கடைசி ஆள். பந்தை நோக்கிச் சறுக்கினேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிகச் சுத்தமான டாக்கிள் அது. பந்து மட்டும் வந்தது, என் கால் அவர் மேல் மயிரளவுகூடப் படவில்லை. ஆனால் பந்து இருக்கும் என்று நம்பிக் கால் வீசியவர், அது இல்லாததால் தானாகவே கவிழ்ந்து விழுந்தார். புழுதி கிளம்பியது. ஓரத்தில் இருந்து “ஐயோ, பிரேமு” என்று ஒரு குரல் வந்தது.

ஒரு நல்ல ஸ்டாப்பர் அந்த நேரத்தில் எழுந்து பந்தை எடுத்துக்கொண்டு போயிருப்பான். நான் பெண் வீட்டுக்காரன். ஓடிப் போய் இரண்டு கையாலும் அவரைத் தூக்கினேன், சட்டையில் இருந்த மண்ணைத் தட்டினேன். மைதானம் முழுக்க அமைதியாக இருந்த அந்த நொடியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“ஸாரி அத்தான். தப்பு என் மேலதான்.”

விசில் அடித்தது. ரெஃப்ரி ஒரு பழைய பி.டி. வாத்தியார். கையைப் பெனால்டி புள்ளிக்குக் காட்டினார். கடைசி ஆளாக நின்று ஃபவுல் செய்ததற்காக எனக்கு ரெட் கார்டையும் நீட்டினார். பந்தைத்தான் எடுத்தேன் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“தம்பி, நான் கொஞ்சம் தள்ளி நின்னேன், எனக்குச் சரியாத் தெரியல. நீயே தப்புன்னு ஒத்துக்கிட்ட. அப்பறம் நான் என்னப்பா பண்ணட்டும்?”

பிரேம் முன்னால் வந்து, “சார், என் மேல படலை சார், நானாத்தான் விழுந்தேன்,” என்றார். ரெஃப்ரி அதைக் கேட்பதாக இல்லை. மாப்பிள்ளை மச்சினனுக்காகப் பேசுகிறார், குடும்ப விஷயம் என்று ஒதுக்கிவிட்டார். (அதற்குள் அவருக்கே உறவுமுறை தெரிந்துவிட்டிருந்தது. மைதானத்தில் இருந்த அம்புட்டுப் பேருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.) நான் வெளியே நடந்தேன். பிரேம் பந்தை வைத்தார், நாலடி பின்னால் போனார், ஒரு இரக்கமும் இல்லாமல் மூலையில் அடித்தார். மூன்றாவது கோல். அவர்கள் ஃபைனலுக்குப் போனார்கள்.

பயிற்சியாளர் கிளம்பும் முன் என்னைத் தேடி வந்தார். நல்ல மனுஷர். டாக்கிள் ரொம்ப நன்றாக இருந்தது என்றார். பாதி ஆட்டம் யாரையோ பார்த்துப் பயந்து ஆடுகிற ஸ்டாப்பரையும், சரியாகச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற ஸ்டாப்பரையும் கிளப்பில் வைத்துக்கொள்ள முடியாது என்றும், வேறு வேலை பார்த்துக்கொள்வது எனக்கும் நல்லது என்றும் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார். நான் பள்ளிக்கூடக் குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினேன். முகத்தில் அவ்வளவு மண் ஒன்றும் இல்லை. பத்து வயசிலிருந்து ஆசைப்பட்ட ஒன்று போய்விட்டது, அழுகை நிற்கவில்லை. அந்த நேரத்தில் அம்மா பிரேமுக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் ஓலை வாசித்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை, யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. வாசலில் கை கொடுத்தபோது ஐயர், “நேத்தே கிரவுண்டுல ஓலையை வாசிச்சிட்டியாமேப்பா?” என்று கேட்டார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அக்கா என் பக்கமாக நடந்து வந்தாள். “படலைன்னு ரெஃப்ரிகிட்டப் போயிச் சொன்னாரு பாரு. அவரு கேக்கலைன்னதும் பாவம் பாக்காம ஓங்கி அடிச்சாரு பாரு. ரெண்டுமே எனக்குப் புடிச்சிருக்கு,” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், “அந்த மொத ரெண்டு கோலைப் பத்தி நீ ஜென்மத்துக்கும் வாயைத் திறக்கக்கூடாது,” என்றாள். நானும் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அந்தச் சத்தியத்தின் விளைவை இன்றுவரை அனுபவிக்கிறேன். நான் இன்று திருவாதவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். அத்தான் இன்ஷூரன்ஸில் மேனேஜர். அந்த டோர்னமென்ட்டின் சிறந்த ஆட்டக்காரர் கோப்பை அவர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் வாழ்க்கையில் ஒரே மேட்ச்சில் மூன்று கோல் அடித்தது அன்று ஒரு நாள்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரியாணிக்கு நடுவில், ஒரு ஸ்டாப்பர் எங்கே நிற்க வேண்டும் என்று அவர் எனக்கு விளக்குவார். ஊறுகாய் பாட்டில்தான் நான். தயிர்ப்பச்சடிக் கிண்ணம் அவர். கிண்ணம் பாட்டிலைச் சுற்றிக்கொண்டு கோலுக்குள் போகும். “மாப்ள நல்ல பையன், ஸ்பீடுதான் பத்தாது,” என்று விருந்தாளிகளிடம் சொல்வார். நான் ஆமாம் அத்தான் என்பேன். சம்பளம் வாங்கி டிஃபெண்ட் பண்ணியவன் நான், கேட்டுக்கொண்டு சாப்பிடுவேன். ஒன்பது கிறிஸ்துமஸ் இப்படிப் போனது.

போன கிறிஸ்துமஸில் கிண்ணம் பாட்டிலைத் தாண்டிப் போனபோது, அக்காவின் மகள் கேட்டாள்.

“அப்பா, அந்த மேட்ச்சுல மாமா எந்த டீமு?”

அத்தான் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“மொதப் பாதி நம்ம டீமும்மா.”

அக்காவுக்குப் புரையேறியது. அம்மா தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து அடுக்களைக்குள் போனார். நான் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷமாக எல்லாம் தெரிந்தே கிண்ணத்தை நகர்த்தியிருக்கிறார் மனுஷர். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், சிரிப்பு வந்து தொலைத்தது. அவர் தன் இலையிலிருந்து பெரிய கறித்துண்டாக ஒன்றை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு, பாட்டிலை மறுபடி கோலுக்கு முன்னால் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.