நாப்பது ஜன்னல் திரை

போன ஞாயித்துக்கிழமை பல்லு விளக்கும்போதே முடிவு பண்ணிட்டேன். இனிமே நான் பிஸி.

நான் தையல்காரன். அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாப் பிரிஞ்சிட்டோம். ஆனா இந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தைய மட்டும் கரைச்சுக் குடிச்சிருக்கேன். சட்டைக்கு அளவு குடுக்க வர்ற ஆபீஸர் கத்துக்குடுத்தது. என் ஸ்டூல்ல உக்காந்து காது குடைஞ்சுக்கிட்டே போன்ல "பிஸி"ம்பாரு. அந்தப் பக்கம் இருக்கிறவன் "சாரி சார்"னு வெச்சிடுவான்!

என்ன வார்த்தைங்க அது! நம்ம பேச்சுல வேலையா இருந்தேன், இருக்கேன், இருப்பேன்னு வாலை வாலை மாத்தணும். இதுக்கு வாலே கிடையாது. நேத்தும் பிஸி, நாளைக்கும் பிஸி. ஆம்பளையும் பிஸி, பொம்பளையும் பிஸி, அவன் போனும் பிஸி. பத்தலைன்னா முன்னாடி ஒரு "ரொம்ப". அதுவும் பத்தலைன்னா "பயங்கர". மூட்டை தூக்கறவன் மட்டும் சொல்லி நான் கேட்டதில்ல. மூட்டையப் பாத்தாலே தெரியுமே! காது குடையறவனுக்குத்தான் அந்த வார்த்தை வேணும்.

எனக்கும் அன்னைக்கே வேண்டியிருந்துச்சு.

"என்னங்க, எங்க அண்ணன் இன்னைக்கு வீடு மாத்துறாரு. பீரோ தூக்க ஒரு கை குறையுதாம்."

அந்த பீரோவை ஏற்கெனவே ஒருதடவை தூக்கியிருக்கேன். மூணு நாள் கேள்விக்குறி மாதிரி வளைஞ்சு நடந்தேன்.

"நான் பிஸி."

"என்னது?"

"பயங்கர பிஸி."

"அப்படி என்ன தலை போற வேலை?"

பாருங்க! உலகத்துல எவனும் கேக்காத கேள்விய என் பொண்டாட்டி கேக்கறா.

"ஜன்னல் திரை. நாப்பது ஜன்னல். நாளைக்குக் காலைல வேணுமாம்."

"அடப்பாவமே! போய்த் தைங்க, போங்க."

ஜெயிச்சிட்டேன்! கடை எங்க வீட்டு முன் ரூம்தான். உள்ள போய்க் கதவச் சாத்தி, துணி வெட்டுற மேஜை மேல மல்லாந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் சமையக்கட்டு. அங்கருந்து குரல்.

"என்னங்க, மெஷின் சத்தத்தையே காணோம்? முடிஞ்சிருச்சா? அண்ணன் வண்டி இன்னும் கிளம்பலையாம்!"

துள்ளி எழுந்து மிதிச்சேன். துணி இல்ல, நூல் இல்ல, வெறும் மெஷின். மிதிச்சா நிம்மதி. நிறுத்தினா குரல்.

"முடிஞ்சிருச்சா?"

"பத்தாவது ஜன்னல்!"

மத்தியானம் தட்டோட வந்து கதவுக்கு வெளியே நின்னா. "ஊட்டி விடட்டுமாங்க? கால் நிக்கக்கூடாதுல்ல?"

"அங்கயே வெச்சுட்டுப் போ!"

இருபதாவது ஜன்னல்ல கெண்டைக்கால் கல்லாச்சு. முப்பதுல, கால் என்னோடதா, மெஷினோடதான்னே தெரியல. சாயங்காலம் டீயோட உள்ளயே வந்துட்டா. ஊசியப் பாத்தா. தரையப் பாத்தா. ஒரு துணுக்குத் துணி இல்ல.

"திரையெல்லாம் எங்க?"

"வந்து... வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"துணி இல்லாம ஓடினா மெஷின் கடகடன்னு பல்லடிக்கும். பன்னெண்டு வருஷமா அந்தச் சுவத்துக்குப் பின்னாடி இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சாயங்காலம் வரைக்கும் மிதிக்க விட்ட?"

"அண்ணன் வீடு மாத்துறது அடுத்த ஞாயித்துக்கிழமைங்க. இன்னைக்குன்னு சொன்னது, நீங்க என்ன சாக்கு சொல்வீங்கன்னு பாக்கத்தான். புது வீடு மூணாவது மாடி. உங்க கால்ல தெம்பு இருக்கான்னு பாத்தேன்." டீயை நீட்டினா. "இருக்கு."