மணியடிக்கப் பழகிய சோலைப்பாடி

கினந்தி திட்டுவதை நிறுத்திவிட்டாள். சுகெங்கின் வீட்டுக்கு வந்த பெரிய விபரீதம் அதுதான்.

சாதாரணத் திட்டா அது? சுகெங் வீட்டு வாசலிலேயே பஞ்சர் கடை வைத்திருந்தான். அவன் மனைவி கினந்தி அடுக்களையிலிருந்து ஆரம்பித்தால், டியூப் மாற்ற வந்தவன் வண்டியை மறந்து நின்று கேட்பான். யோக்யகர்த்தா நகரத்தின் அந்தச் சந்தே சுகெங்கைப் பரிதாபமாகப் பார்க்கும். அவனுக்கோ உள்ளூரப் பெருமை. இப்படி ஒரு வாய் வேறு யார் வீட்டில் இருக்கிறது?

மகள் லிந்தாங் பிறந்தாள். அந்த வாய் மூடிக்கொண்டது. சம்பல் அரைக்கும்போது கினந்தி அழுதாள். மிளகாய் என்று நினைத்தான். மிளகாய் இல்லாதபோதும் அழுதாள். யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோலக் குழந்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசலைத் தாண்டவே இல்லை. ஒருநாள் சுகெங் வேண்டுமென்றே சேற்றுக்காலோடு அடுக்களைக்குள் போய் நின்றான். அவள் பேசாமல் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். அவன் அப்போதே சுகாதார நிலையத்துக்கு ஓடினான்.

சுகாதார நிலைய மருத்துவச்சி வந்து பார்த்தாள். "இது சோம்பலும் இல்ல, காத்து கருப்பும் இல்ல. பிள்ளை பெத்தவங்க நிறைய பேருக்கு வர்ற மனநோவு. வாராவாரம் நான் வந்து பாக்குறேன். அதோட ஃபோன்ல ஒரு வகுப்பு இருக்கு. கர்ப்பமா இருக்கவங்க, கைக்குழந்தைக்காரங்க எல்லாம் வீட்டுல இருந்தே சேருவாங்க. மணி அடிக்கும். கண்ண மூடி மூச்சக் கவனிக்கணும். திரும்ப மணி அடிச்சா எந்திரிக்கலாம். ஞாயிறு தவிர தினம் மத்தியானம். அந்த நேரம் குழந்தைய யாராவது பாத்துக்கணும்."

"யாராவதா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று நெஞ்சைத் தட்டினான் சுகெங்.

தட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மத்தியானம் அவன் வளர்க்கும் சோலைப்பாடிப் பறவையின் பாட நேரம். மாதக் கடைசி ஞாயிறு பறவைப் போட்டி. கூண்டைத் துணியால் மூடி, நல்ல பறவைகளின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு, அதைக் கேட்டுக் கேட்டுப் பறவை பாடிப் பழக வேண்டும். பக்கத்தில் குழந்தை வீறிட்டால், போட்டி மைதானத்தில் பறவையும் வீறிடும். அப்புறம் எந்த நடுவர் அவன் கூண்டுக்குக் கீழே வெற்றிக் கொடி நடுவார்?

முதல் நாளே லிந்தாங் வீறிட்டாள். ஜாரிக் துணியில் அவளைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்தான். பக்கத்து வீட்டு யாத்மி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏன் சுகெங், பிள்ளையக் கட்டியிருக்கியா, மூட்டையக் கட்டியிருக்கியா?"

"அழுறாளே அக்கா."

"நீ தூக்குற லட்சணத்துக்கு நானே அழுவேன்."

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். கினந்தி பாயில் உட்கார்ந்திருந்தாள். கைபேசி கவிழ்ந்து கிடந்தது. டீச்சரின் குரல் நின்று, அறை நிசப்தமாக இருந்தது. கன்னத்தில் ஈரம். ஆனால் முகம் இறுகியிருக்கவில்லை. எதனோடோ மல்லுக்கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறவளைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பது இத்தனை பெரிய வேலை என்று சுகெங்குக்கு அதுவரை தெரியாது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

கும்பிடக் கை இல்லை. கையில் லிந்தாங் மறுபடி வீறிட்டாள்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. மணி அடித்தால்தானே வெளியே வருவாள்? கொஞ்சம் முன்னாடியே அடித்தால் என்ன? யாருக்கு நஷ்டம்? கதவோரம் நின்று வகுப்பு மணியைப் பதிவு செய்தான். மூடிய கூண்டருகே அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டான். கெட்டிக்காரப் பறவை. அடுத்த வாரமே பிடித்துக்கொண்டது. வெண்கல மணி தோற்றது போங்கள்.

அன்று வகுப்பின் நடுவில் கூண்டை ஜன்னல் பக்கம் மாட்டித் துணியை விலக்கினான். 'டிங்' என்றது பறவை. கதவு திறந்தது.

"அட, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றான், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"மணி அடிச்சுதே," என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

சுகெங்குக்குத் தலைகால் புரியவில்லை. சந்தில் என்னைவிட மூளைக்காரன் எவன் என்று பறவையிடமே கேட்டான். இரண்டு மூன்று நாள் இப்படி ஓடியது. பிறகு ஒருநாள், குழந்தையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். பறவை மறுபடி 'டிங்' என்றது. குழந்தை அவன் கைக்கே வந்தது.

"எங்க போற?"

"வகுப்புக்கு. மணி அடிச்சுதே."

"அது முடியற மணியில்ல?"

"ஆரம்பிக்கவும் அதே மணிதாங்க."

கதவு சாத்திக்கொண்டது. சுகெங் லிந்தாங்கோடு மறுபடி முற்றத்தில் நடந்தான்.

புதுப்பாட்டு கிடைத்த குஷியில் பறவை நேரங்காலம் பார்க்காமல் அடித்தது. அவன் பல் தேய்த்தால் டிங். டியூபில் பசை தடவினால் டிங். சோற்றில் கை வைத்தால் டிங். ஒவ்வொரு டிங்குக்கும் லிந்தாங் அவன் மடிக்கு வந்தாள், கினந்தி பாய்க்குப் போனாள். தாங்க முடியாமல், மழை ஈரத்தில் ஓடிவந்து அடுக்களையில் நின்று உடைத்துச் சொன்னான்.

"கினந்தி, அது மணியே இல்ல. என் சோலைப்பாடி."

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

"நடுவரே கண்டுபிடிக்க முடியாதே. அச்சு அசல் மணியாச்சே."

"மணி மூச்சு விடாதுங்க. உங்க பறவை அடிக்கறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு மூச்சு இழுக்குது. மூச்சக் கேளுன்னுதானே அங்க சொல்லித் தர்றாங்க."

சுகெங் கூண்டருகே போய்க் காதை வைத்தான். இத்தனை வருஷமாக அந்தப் பறவைக்கு வெட்டுக்கிளி ஊட்டுகிறான். அது மூச்சு இழுப்பதை இன்றுதான் கேட்டான். வீட்டில் இருப்பவள் லேசுப்பட்டவள் இல்லை.

"தெரிஞ்சும் ஏன் எந்திரிச்சு வந்த?"

"சிரிப்பு வந்துச்சு. சிரிச்சே எவ்வளவு நாளாச்சு. அதான் வந்தேன். விட்டுப்போனத உங்க டிங்குக்கெல்லாம் உக்காந்து முடிச்சுட்டேன். வகுப்புலயும் சொன்னேன். சுரபாயாவுல ஒரு நிறைமாசக்காரி வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா." அடுப்பைத் தணித்தாள். "இன்னும் முழுசா சரியாகலங்க. சில நாள் விடியறதே பயமா இருக்கு. ஆனா நடுவுல கொஞ்ச நேரம் நானா இருக்கேன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்வை அவன் காலுக்குப் போனது.

"அது கிடக்கட்டும். இதென்ன சேத்துக்கால்? மாட்டுத் தொழுவமா இது? பறவைக்கு மணியடிக்கச் சொல்லித்தரத் தெரியுது, காலக் கழுவ ஒருத்தர் சொல்லித் தரணுமா?"

அடைமழை மாதிரிப் பிடித்துக்கொண்டது. மதிலுக்கு மேலே யாத்மியின் தலை எழுந்தது. பஞ்சர் ஒட்ட வந்தவன் வண்டியை மறந்து நின்றான். சுகெங் சேற்றுக்காலோடு நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான். இவ்வளவு இனிமையான சத்தத்தை எந்தப் போட்டியிலும் அவன் கேட்டதில்லை.

போட்டி ஞாயிறு வந்தது. சுகெங் துவைத்த பாத்திக் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கூண்டை எடுக்க வந்தான். டிங் என்றது பறவை. பழக்க தோஷம், கை தானாக நீண்டது. லிந்தாங் வந்து சேர்ந்தாள். ஜாரிக்கை இழுத்து முடிச்சுப் போட்டான். இப்போதெல்லாம் யாத்மியே குறை சொல்ல முடியாத முடிச்சு. போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பே கிடையாது.

திரும்பிப் பார்த்தான். கினந்தி செருப்பு மாட்டியிருந்தாள். கையில் கூண்டு.

"பால் குடுத்துட்டேன். அடுத்த பாலுக்குள்ள வந்துருவேன்," என்றாள்.

பிள்ளை பெற்ற நாளிலிருந்து வாசலைத் தாண்டாதவள், சந்து முனை வரை நிமிர்ந்து நடந்துபோவதை அவன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். போட்டி நுழைவுச் சீட்டும் அவளோடு போயிருந்தது.