மேஜர் சொல்லிவிட்டார்

நாலாவது மாடிக்கு ஏறி முடித்தபோது அவருக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர் அவர். முப்பது வருஷமாக ஊரார் ஏறி இறங்குவதைக் கவனித்துக்கொண்டவர், தான் மட்டும் படி ஏறியதே இல்லை. அன்றைக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்ட மூன்று பேரை மீட்கப் போய், கதவில் சாய்ந்து புஸ் புஸ் என்று இரைத்தார். உள்ளே இருந்தவர்கள் பதறிவிட்டார்கள். "பயப்படாதீங்க சார், நாங்க இருக்கோம், மெதுவா மூச்சு விடுங்க" என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்கள்.

சாயங்காலமே வீட்டில் சபதத்தை அறிவித்தார்.

"நாளையிலேருந்து நான் ஓடப்போறேன்."

"எங்கே?" என்றாள் மனைவி.

"எங்கேயும் இல்லை. சும்மா ஓடப்போறேன்."

"சரி."

அவ்வளவுதான். மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு இந்த அளவில்தான் இருந்தது. மனைவிக்கு ஆஸ்பத்திரி விசாரணை கவுண்டரில் வேலை. வருகிற போகிற அத்தனை பேருக்கும் பதில் சொல்லிவிட்டு வந்தால், வீட்டில் வாயைத் திறக்க அலுப்பு. மூன்று பேர் சாப்பிட்ட மேஜையில் இரண்டு பேர் உட்கார்ந்து, தட்டில் கரண்டி படுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தொந்தியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். இந்தச் சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதல் நாள் நாய் துரத்தினாற்போல ஓடி, இரண்டாவது விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். விஷயத்தைக் கேட்டுக் கம்பெனி டாக்டர் சிரித்தார்.

"யார் சார் உங்களை விரட்டினது? மெதுவா ஓடுங்க. பக்கத்துல வர்றவரோட முழுசா ஒரு வாக்கியம் பேச முடியணும். அதுதான் சரியான வேகம். மூச்சு வாங்கினா நடங்க. அடங்கினதும் திரும்ப ஓடுங்க."

"பக்கத்துல யாரும் வரலைன்னா?"

அதற்கு டாக்டர் மருந்து எழுதவில்லை.

'நீயும் வாயேன்' என்று மனைவியிடம் சொல்ல மூன்று நாள் ஒத்திகை பார்த்தார். நாக்கு நுனி வரை வரும். கடைசி நிமிஷத்தில் "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று வேறு ஏதாவது வெளியே விழும். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஆகவே பூங்காவில் காற்றோடு பேசிக்கொண்டு ஓடினார். "இன்னைக்கு வெயில் சீக்கிரமே வந்துடுச்சு இல்லே?" என்பார். பதில் வராது. இன்னொரு சுற்று ஓடுவார்.

ஒரு நாள் காலை திரும்பி வந்ததும் மனைவி கேட்டாள்.

"யாரோட பேசிக்கிட்டே ஓடறீங்க? பக்கத்து வீட்டுக்காரம்மா பார்த்தாங்களாம்."

காற்றோடு என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

"ஒரு மேஜர். ரிட்டயர் ஆனவர்."

"கூட யாருமே இல்லைன்னாங்களே?"

"அவர் கொஞ்சம் முன்னாடி ஓடுவார்."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "மீசை வச்சிருக்காரா?" என்றாள்.

கேள்வி! ஆறு மாதத்தில் அவள் ஆர்வமாகக் கேட்ட முதல் கேள்வி. அவர் மேஜருக்குத் தாராளமாக ஒரு மீசை வைத்தார். அன்று முதல் தினம் ஒரு மேஜர் செய்தி. இவ்வளவு சுவாரஸ்யமான மனிதரைப் பார்க்க, என்றைக்காவது அவளே 'நானும் வரேன்' என்பாள். அதுதான் அவருடைய திட்டம்.

"மேஜர் டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்குவார்?"

"அவரா? சர்க்கரையைத் தொடவே மாட்டார்!" என்றார் பெருமையாக.

மறுநாள் காலை இவருடைய டீ கசந்தது.

"மேஜரே போட்டுக்கறதில்லையே" என்றாள்.

"மேஜர் சட்டைக்கு யார் இஸ்திரி போடறாங்க?"

பட்டாளத்துக்காரர் மனைவியையா போடச் சொல்வார்? இஸ்திரிப் பெட்டி இவர் கைக்கு வந்தது. காய் நறுக்குவதும் பரணைச் சுத்தம் செய்வதும் அதன் பின்னாலேயே வந்தன. அவர் பெற்றெடுத்த மேஜர் அவள் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

இத்தனை வேலை வாங்கியவள் 'நானும் வரேன்' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. ஒரு நாள் அவர் பூங்காவை நிற்காமல் முழுசாகச் சுற்றி வந்தார். மூச்சு வாங்கவில்லை. "பார்த்தியா!" என்று பக்கத்தில் திரும்பினார். யாரும் இல்லை. இந்த மேஜர் இனி வேண்டாம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "மேஜர் ஊரை விட்டே போயிட்டார். நேத்து ராத்திரியே."

"அப்படியா?" என்றாள் மனைவி. "இப்பதானே இங்கே வந்துட்டுப் போனார்."

"யா... யாரு?"

"மேஜர்தான். நீங்க சொன்ன மாதிரியே மீசை. அந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை இல்லாமதான் டீ குடிச்சார்."

மேஜை மேல் குடித்து முடித்த டம்ளர் ஒன்று இருந்தது. யார் நோயாளியின் சொந்தக்காரர், யார் சும்மா சொல்கிறவர் என்று இருபது வருஷமாக முகத்தைப் பார்த்தே சொல்லும் மனைவி, அசையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால், மேஜரே இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

"என்ன... சொன்னார்?"

"ரொம்பக் கோவிச்சுக்கிட்டார். 'பாவம், உங்க வீட்டுக்காரர் காத்தோட பேசிக்கிட்டு ஓடறார். வாய் திறந்து கூப்பிட்டா வர்ற ஆள் வீட்டுலேயே இருக்கு. நடுவுல நான் எதுக்கு?'ன்னு கேட்டார்."

இந்தத் தடவை அவருக்கு உப்பைப் பற்றி எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

"நீயும் வாயேன்" என்றார்.

"மேஜர் சொன்னதுக்காக வரேன்."

மறுநாள் இருவரும் புறப்பட்டார்கள். மகளைப் பற்றி, கவுண்டருக்கு வருகிறவர்களைப் பற்றி, முழு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஒரு சுற்று முடித்தார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மனைவியைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

"பரவாயில்லையே! எனக்கே இதுக்கு மூணு மாசம் ஆச்சு. நீ முதல் நாளே மூச்சு வாங்காம ஓடறியே!"

"நான் எங்கே ஓடறேன்?" என்றாள் மனைவி. "நடந்துதானே வரேன்."