யாருமே இல்லாத மணிக்கூண்டு

உலகமே திரண்டு வந்து பார்க்கிற அந்த மணிக்கூண்டை ஆளே இல்லாத நேரத்தில் பார்த்துவிடுவது என்று சிவப்பு மை முடிவு செய்துவிட்டார்.

சிவப்பு மை என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். வருகைப் பதிவேடு அவர் பொறுப்பில் இருந்தது. தாமதமாக வருகிறவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். அதில் கிடைத்த சுகம் அவருக்குச் சம்பளத்தில்கூடக் கிடைத்ததில்லை.

அவர் மனைவி ஒரு மருத்துவமனையில் கேன்டீன் நடத்துகிறவர். ஊழியர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர் கேன்டீன் அம்மா. வருஷம் பூராவும் இருட்டோடு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறவர். கல்யாணத்துக்குப் பிறகு வாய்த்த முதல் சுற்றுலா இது. மணிக்கூண்டைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கும் ஆசைதான். ஆனால் முதலில் தூங்கவேண்டும்.

ஹோட்டல் அறையில் பெட்டியைத் திறப்பதற்குள் சிவப்பு மை ஆரம்பித்தார்.

"நாளைக்கு சூரியன் வர்றதுக்கு முன்னாடி கிளம்பறோம்."

"யாரு?"

"நாமதான்."

"நாமன்னா, என்னையும் சேர்த்தா?"

"பின்னே? பகல்ல போனா ஜனங்களோட முதுகைத்தான் பாக்கணும். விடியக்காலையில ஈ காக்கா இருக்காது. இது ரொம்ப ரகசியம்."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"இன்டர்நெட்ல போட்டிருந்தாங்க."

"அப்ப ரகசியமேதான்."

சிவப்பு மைக்குச் சுருக்கென்றது. "கிண்டல் பண்ணாதே. நாளைக்கு மட்டும் இல்லை, ஊருக்குத் திரும்புற வரைக்கும் தினமும் இப்படித்தான்."

போர்வையை உதறிக்கொண்டிருந்த கேன்டீன் அம்மாவின் கை அப்படியே நின்றது. விடுமுறை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"சரிங்க, ஒரு பந்தயம். ஆளே இல்லாத மணிக்கூண்டை யார் முதல்ல படம் எடுக்கறாங்களோ, அவங்க சொல்ற நேரத்துக்குத்தான் மீதி நாளெல்லாம் எழுந்திரிக்கணும்."

"நீ தூங்கிக்கிட்டே எடுப்பியா?"

"அது என் பாடு."

சிவப்பு மை விழுந்து விழுந்து சிரித்தார். பந்தயம் முடிவானது.

மறுநாள் விடியும் முன்பே தனியாக மணிக்கூண்டுச் சதுக்கத்துக்குள் நுழைந்தவர், திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றார். எங்கு பார்த்தாலும் தலை. எல்லாத் தலைக்கு மேலேயும் ஒரு போன். ஒரு கல்யாண ஜோடி, அவர்களுக்குப் பின்னால் படப்பிடிப்பு விளக்குகளைத் தூக்கிய ஆட்கள், கொடி பிடித்த வழிகாட்டி, அவர் பின்னால் ஒரே நிறத்தில் தொப்பி போட்ட ஒரு படை.

"சீக்கிரம் எடுங்கப்பா, கூட்டம் வந்துடும்!" என்று அந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவர் கத்தினார்.

சிவப்பு மை முண்டியடித்து முன்னேறினார். ஒரு பெண்மணி கையை நீட்டித் தடுத்தார்.

"சார், வரிசையில வாங்க."

"எதுக்கு வரிசை?"

"மணிக்கூண்டு மேடையில தனியா நின்னு படம் எடுத்துக்கறதுக்கு."

"தனியா நிக்க இத்தனை பேரா?"

"இப்பதான் வர்றீங்களா? ரொம்ப லேட் சார் நீங்க!"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தை அவர்மேல் விழுந்தது. முகம் அவருடைய மையின் நிறத்துக்கு மாறியது.

சூரியன் வந்தது. அவருக்குத் தெரிந்தது முன்னால் நின்றவரின் காது மட்டும்தான். காதின் ஓரம் தங்கமாக மின்னியது. கையை உயர்த்தி உயர்த்திப் படமாக எடுத்துத் தள்ளினார். ஒவ்வொன்றிலும் ஊர்ப்பட்ட தலை. கடைசியில் போன் உயிரை விட்டது. மணிக்கூண்டுக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் சாய்ந்தார். கண் சொருகியது.

"ஏங்க."

விழித்தார். குளித்து, தலை சீவி, முகமெல்லாம் தூங்கி எழுந்த தெளிவோடு கேன்டீன் அம்மா நின்றார். சதுக்கம் துடைத்துவிட்டாற்போல் காலி.

"எங்கே எல்லாரும்?"

"சாப்பிடப் போயிட்டாங்க. இருட்டுல எழுந்து வெறும் வயித்தோட வந்தவங்க எவ்வளவு நேரம் தாங்குவாங்க? எங்க ஆஸ்பத்திரியிலயே கேன்டீன் கதவைத் திறந்தா வார்டு காலியாயிடும்."

"நீ சாப்பிட்டியா?"

"ஆற அமர. எல்லாரும் இங்க இருந்தாங்களா, அங்க நான் மட்டும்தான்."

சிவப்பு மை பாய்ந்து போனை எடுத்தார். அது கறுப்பாகவே இருந்தது. கேன்டீன் அம்மா தன் போனை உயர்த்தினார்.

"கொஞ்சம் நகருங்க. கூட்டம் மறைக்குது."

அப்போதுதான் சிவப்பு மைக்குப் பொறி தட்டியது. தான் இந்த பெஞ்சை விட்டு அசையாதவரை ஆளில்லாத படம் ஏது? பந்தயம் இன்னும் கையில்தான் இருக்கிறது! காலை நீட்டி நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நகர மாட்டேன்."

"சரி, இருங்க. டைனிங் ஹாலை மூடப்போறாங்களேன்னு சொல்ல வந்தேன். லேட்டாப் போறவங்களுக்குக் காலித் தட்டுதானாம்."

வயிறு கடமுடவென்றது. அவர் மணிக்கூண்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுநொடி, செருப்பு ஒருபக்கம் இழுக்க, ஹோட்டலை நோக்கி ஓடினார். முதுகுக்குப் பின்னால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை.

மூச்சிரைக்க உள்ளே விழுந்தவரை டைனிங் ஹால் வாசலில் நின்ற பணியாளர் தாங்கிப் பிடித்தார்.

"எதுக்கு சார் இப்படி ஓடி வர்றீங்க? மத்தியானம் வரைக்கும் திறந்துதானே இருக்கும்!"